தெரு உயர்ந்தால் வீடு தாழும்: கான்கிரீட் ஊற்றும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்களுடையது சிறிய நகராட்சி. பாதாளச் சாக்கடைக்காக ஐந்து மாதம் முன்பு எங்கள் தெருவைத் தோண்டினார்கள். குழாயைப் புதைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இப்போது கான்கிரீட் ரோடு போட டெண்டர் முடிந்துவிட்டதாகவும், அடுத்த மாதம் வேலை தொடங்கும் என்றும் கவுன்சிலர் சொல்கிறார். எங்கள் வீட்டை மாமனார் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் குறைந்து குறைந்து இன்று ஒரு படிதான் மிச்சம். இந்த முறை அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தோண்டும்போது குடிநீர்க் குழாயை உடைத்து, ஏதோ ஒட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிடம் கலங்கலாக, வாடையோடு வருகிறது. குழாயை மாற்றித் தர ஒருவர் 4,000 ரூபாய் கேட்கிறார். நகராட்சியில் கேட்டால் குடிநீர் வாரியத்துக்குப் போகச் சொல்கிறார்கள், வாரியத்தில் கான்ட்ராக்டரைக் கை காட்டுகிறார்கள். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். புழுதியில் யாரும் துணி கொண்டு வருவதில்லை. மாமனாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நான் யாரிடம் போவது, என்ன கேட்பது? பெயரும் ஊரும் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முப்பது வருடத்துக்கு மேல் நகராட்சிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தில் இருப்பதுபோன்ற தெருக்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நல்ல நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு எழுதியிருந்தால் என்னால் ஆறுதல் மட்டுமே சொல்லியிருக்க முடியும். இப்போது உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது.

முதலில் தண்ணீர். அந்தக் குழாய்த் தண்ணீரை இன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாளோ நான்கு நாளுக்கு ஒருமுறையோ ஒரு மணி நேரம் விடுவார்கள். விடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். வால்வை அடைத்ததும் அழுத்தம் போய்விடும். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்தை நோக்கி இறங்க, மேலே உள்ள பகுதி உறிஞ்ச ஆரம்பிக்கும். அதே ஓட்டை வழியாகச் சுற்றியிருக்கும் சேறு உள்ளே போகும், பக்கத்தில் சாக்கடை கசிந்தால் அதுவும் போகும். அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது உங்களுக்கு முதலில் வருவது அதுதான். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெளிவது வேறு, குடிக்கத் தகுந்தது வேறு.

இதற்கு மனு எழுதிக் காத்திருக்கக் கூடாது. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவுக்கு நேரில் போய், "குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது, குளோரின் சோதனை செய்யுங்கள்" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். "தண்ணீர் கலங்கலாக வருகிறது" என்றால் அது சாதாரணப் புகார். "கழிவுநீர் கலக்கிறது" என்றால் சுகாதாரப் பிரிவும் எழுந்து வந்தாக வேண்டும். அவர்களிடம் ஒரு சின்னச் சோதனைக் குழாய் இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டும் உங்கள் வீட்டில் நிறம் வரவில்லை என்றால், வழியில் ஏதோ ஒரு அழுக்கு அதைத் தின்றுவிட்டது என்று பொருள். அந்தச் சோதனையை உங்கள் வீட்டில் மட்டும் செய்ய விடாதீர்கள். தெருவின் இரண்டு கோடியிலும் செய்யச் சொல்லுங்கள். நிறம் எங்கே மறைகிறதோ அதற்கு முன்புதான் உடைப்பு. தெருவில் இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். குழாய் சரியாகும்வரை லாரித் தண்ணீர் கேட்பது உங்கள் உரிமை.

அந்த 4,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வேலை செய்யும்போது கான்ட்ராக்டரின் இயந்திரம் உடைத்த குழாயைப் பழையபடி ஆக்கித் தருவது அவர் பொறுப்பு. நகராட்சிக்குக் கட்ட வேண்டிய எந்தப் பணத்துக்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் நகராட்சி ஆள் கேட்டால் அது லஞ்சம். கேட்டவர் நகராட்சி ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். வெளியாள் என்றால், "ஆணையரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வந்து பார்ப்பார்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். காசு கொடுத்தாலும் அவர் மேலோட்டமாக ஒரு ரப்பர் சுற்றிவிட்டுப் போவார். அதன்மேல் கான்கிரீட் விழுந்த பிறகு அடுத்த கசிவைத் தேட ரோட்டைத்தான் உடைக்க வேண்டிவரும்.

இனி ரோட்டின் உயரம். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது அந்த ஒற்றைப் படிதான்.

2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தல் அனுப்பினார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும், ரோட்டை உயர்த்தி வீடுகளைத் தாழ்த்தக் கூடாது என்பதே அதன் சாரம். அன்று பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பெரிய நகரங்களில் இதற்கென்று சுரண்டும் இயந்திரம் ஓடுகிறது. சின்ன ஊர்களில் நடக்காமல் போவதற்குக் காரணம் எளிது: மதிப்பீடு தயாரிக்கும்போது பழைய தளத்தை எடுப்பதற்கென்று ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். மதிப்பீட்டில் இல்லாத வேலைக்குக் காசு இல்லை, காசு இல்லாத வேலையைக் கான்ட்ராக்டர் செய்ய மாட்டார். வேலை நடக்கும் நாளில் தெருவில் நின்று அவரோடு சண்டை போட்டுப் பயனில்லாததற்கு இதுதான் காரணம். உங்கள் வாசலின் உயரம் சில வாரங்களுக்கு முன்பே ஒரு காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. அந்தக் காகிதத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு அளவு எடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். பத்து மீட்டர் நீளத்தில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூப், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் தண்ணீரை நிரப்புங்கள், நடுவில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு முனையை நிலைப்படிக்குப் பக்கத்தில் பிடித்து, டியூப்பில் தண்ணீர் உங்கள் தரை மட்டத்துக்கு நேராக நிற்கும்படி உயர்த்தியோ தாழ்த்தியோ வையுங்கள். இன்னொருவர் மறுமுனையைக் காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கம் பிடிக்கட்டும். அங்கே தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணியால் கீறி, நீலப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் உங்கள் வீட்டின் தரை மட்டம், தெருவில் போகிறவர் யாரும் பார்க்கும்படி. டியூப்பைத் தெருவின் நடுவுக்குக் கொண்டுபோய், அதே மட்டத்திலிருந்து தரைவரை எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்து அளவெடுங்கள். மூடிய மண் மேடாக நிற்கும் இடத்தில் அளக்காதீர்கள், அது ஏமாற்றும். பழைய தார் ஓரத்தில் எங்காவது மிச்சம் இருக்கும், அதிலிருந்து அளங்கள். எதிர் வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளந்தால் இன்னும் நல்லது, தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் ஒரு படி 17 அல்லது 18 செ.மீ. இருக்கும். உள்தெருக்களில் கான்கிரீட் 15 முதல் 20 செ.மீ. கனத்தில் போடுவார்கள், அடியில் ஜல்லிப் படுக்கை தனி. பழைய தளத்தின் மேலேயே ஊற்றினால் உங்கள் படி முழுக்க மறைந்துவிடும். மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓட, ரோட்டின் நடுவை மீட்டருக்கு 2 செ.மீ. என்ற கணக்கில் உயர்த்துவார்கள். நான்கு மீட்டர் தெருவில் நடு, ஓரத்தைவிட 4 செ.மீ. உயரமாக நிற்கும். அந்தத் தண்ணீர் வந்து சேரும் ஓரம் எது? உங்கள் வாசல்.

மழைத்தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து ஒன்றைச் சொல்கிறேன். இதை ரோடு போடுகிறவர்களே பல நேரம் யோசிப்பதில்லை. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் கழிவுநீர் எங்கே தாழ்வான வாய் இருக்கிறதோ அங்கே பொங்கும். வீட்டுத் தரை உயரமாகவும் தெருவில் உள்ள மேன்ஹோல் மூடி தாழ்வாகவும் இருந்தால் தெருவில் பொங்கும். நாற்றம் அடிக்கும், புகார் போகும், வண்டி வந்து அடைப்பெடுக்கும். ரோட்டை உயர்த்தும்போது மேன்ஹோல் மூடியையும் சேர்த்து உயர்த்துகிறார்கள். அப்போது தெருவிலேயே தாழ்வான வாய், உங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையாகிவிடும். தெரு காய்ந்து கிடக்கும், கழிவுநீர் உங்கள் வீட்டுக்குள் நிற்கும்.

நான் இளநிலைப் பொறியாளராக இருந்த ஊரில் இப்படி நடந்தது. பள்ளமான ஒரு தெருவில் ரோட்டை உயர்த்தினோம். மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஐப்பசி மழையில் ஒருநாள் விடியற்காலை ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் கட்டிலின்மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு, கணுக்கால் அளவு கழிவுநீரில் நின்று சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. "ரோடு நல்லாத்தான் போட்டீங்க தம்பி, வீட்டைத்தான் எங்க தூக்கி வைக்கிறதுன்னு தெரியல" என்றார். அதற்குப் பிறகு வந்த எந்த மதிப்பீட்டிலும் வீட்டு வாசல்களின் மட்டத்தை எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அந்த அம்மாவை நினைத்துத்தான்.

சரி, யாரிடம் போவது?

தெரு யாருடையதோ அவரிடம். ஊருக்குள் போகும் பெரிய ரோடு என்றால் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. உங்களுடையது குடியிருப்புத் தெரு. அது நகராட்சியின் சொத்து. சாக்கடைக் குழாய் பதிக்கும் வேலையைக் குடிநீர் வடிகால் வாரியம் எடுத்துச் செய்திருக்கலாம், முடிந்ததும் நகராட்சியிடம் ஒப்படைப்பார்கள். ஆனால் தெரு நகராட்சியுடையது, குடிநீர் இணைப்பு நகராட்சியுடையது, வரப்போகும் கான்கிரீட் நகராட்சி டெண்டர். ஆக உங்கள் மனு போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: நகராட்சி ஆணையர். வாரியத்தோடும் கான்ட்ராக்டரோடும் பேசுவது அவர் வேலை, நீங்கள் அலைய வேண்டியதில்லை. நகலை மட்டும் வாரியத்தின் உதவி நிர்வாகப் பொறியாளருக்கு அனுப்பிவிடுங்கள். பேரூராட்சியில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் ஆணையர் என்ற இடத்தில் செயல் அலுவலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மனுவில் ஐந்து மாதக் கஷ்டத்தையும் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். படிக்கிறவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி எழுத வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"எங்கள் தெருவில் கான்கிரீட் சாலை அமைக்க ஒப்பந்தம் முடிந்துள்ளதாக அறிகிறோம். தெருவின் நடுமட்டத்தைவிட எங்கள் வீடுகளின் தரை மட்டம் எவ்வளவு உயரம் என்பதை வீட்டு எண்வாரியாக அளந்து இணைத்துள்ளோம். பழைய தளத்தை அகற்றாமல் சாலை அமைத்தால் இவ்வீடுகளுக்குள் மழைநீரும் கழிவுநீரும் புகும். எனவே 1) முடிந்த சாலையின் மேல்மட்டம் பழைய தார்த்தளத்தின் மட்டத்தைத் தாண்டாதவாறு பழைய தளத்தை வெட்டி அகற்றவும், 2) உடைந்த குடிநீர்க் குழாய்களைச் சாலை அமைக்கும் முன் மாற்றிப் பதிக்கவும், 3) மூடிய பள்ளத்தை மீண்டும் நீர்விட்டு இறுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். சாலையின் மட்டங்களைக் குறிக்கும் நீள்வெட்டு வரைபடத்தை எங்களுக்குக் காட்டவும் வேண்டுகிறோம்."

கீழே தெருக்காரர்களின் கையெழுத்து, வீட்டு எண்ணோடு. தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அன்றே நகராட்சிப் பொறியாளரையும் பாருங்கள். மரியாதையாக, உட்கார்ந்து, "சார், எல்-செக்‌ஷன் டிராயிங்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மனுவில் கேட்ட நீள்வெட்டு வரைபடம்தான் அது, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். இப்போதுள்ள மட்டம் ஒரு கோடாகவும் வரப்போகும் மட்டம் இன்னொரு கோடாகவும் அதில் இருக்கும்.

அவர் அநேகமாக ஒன்று சொல்வார்: "ஆழமாக வெட்டினால் குடிநீர்க் குழாய்கள் எல்லாம் உடையும், மேலாகவே கிடக்கிறது." அது பொய்யல்ல. பழைய வீட்டு இணைப்புகள் ஓரடி ஆழத்தில்கூட இருக்காது. அதற்குப் பதில் உங்கள் மனுவின் இரண்டாவது கோரிக்கையிலேயே இருக்கிறது. எப்படியும் மாற்றியாக வேண்டிய குழாயை இப்போதே ஆழமாகப் பதித்துவிட்டால், ரோட்டையும் தாராளமாக வெட்டலாம். உங்கள் தண்ணீர்ப் பிரச்சினையும் வாசல்படிப் பிரச்சினையும் ஒரே பள்ளத்தில் தீரும். கூடுதல் செலவுக்குத் திருத்திய மதிப்பீடு போட்டு ஒப்புதல் வாங்கும் வழி நகராட்சியில் உண்டு. அதற்கு நாள் பிடிக்கும், அதனால்தான் இந்த வாரமே போகச் சொல்கிறேன்.

பத்து நாளில் அசைவில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிவு செய்து மனு எண்ணை வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுங்கள். கவுன்சிலரை ஒதுக்கிவிட்டு இதையெல்லாம் செய்யாதீர்கள். முதல் மனுவோடு அவரையும் அழைத்துப் போங்கள். மன்றக் கூட்டத்தில் திருத்திய மதிப்பீடு வரும்போது கை தூக்க வேண்டியவர் அவர்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்று பலரும் கேட்பார்கள். கேட்கலாம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். ஆனால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உங்கள் தெருவில் கான்கிரீட் காய்ந்துவிடும். எனவே மனுவோடு சேர்த்து இன்றே போட்டு வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவு, குறைபாடு ஏற்பட்டால் கான்ட்ராக்டர் எத்தனை காலத்துக்குச் சரிசெய்து தர வேண்டும் என்ற ஒப்பந்த விதி, இந்த மூன்றையும் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஐந்து மாதமாக மண்ணோடு கிடக்கிறது என்ற கோபத்தில் ஒரு பாதி நியாயம், ஒரு பாதி அப்படியல்ல. இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி மூடிய மண் உடனே இறுகாது. அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு படிவாக இடித்திருந்தால் சீக்கிரம் இறுகும். பெரும்பாலும் ஜே.சி.பி.யால் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பள்ளத்தின்மேல் உடனே கான்கிரீட் போட்டால் மண் அடியில் இறங்கிவிடும், மேலே ரோடு நீளவாக்கில் வெடிக்கும். ஒரு மழையைப் பார்த்த பிறகு ரோடு போடுவதுதான் நல்லது. தண்ணீர் தெளிக்காமல் உங்களைப் புழுதி தின்ன விட்டார்களே, அதற்கு மன்னிப்பே கிடையாது. காலையும் மாலையும் லாரியில் தண்ணீர் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், செய்ய வைக்கலாம். உங்கள் தெருவில் மண் இறுகிவிட்டதா என்று தெரிய ஒரு கடப்பாரை போதும். பள்ளம் மூடிய இடத்தில் நாலைந்து இடத்தில் ஓங்கிக் குத்துங்கள். அரையடிக்குள் நின்றால் சரி. ஓரடிக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுப் பணி ஆய்வாளரிடம் காட்டுங்கள்.

ரோடு மூடுவதற்குள் தெருவில் ஒவ்வொரு வீட்டின் முன்பும் சாக்கடை இணைப்புத் தொட்டி கட்டியாகிவிட்டதா என்றும் பாருங்கள். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிற வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்கள் பிறகு இணைப்புக் கேட்கும்போது புது ரோட்டை வெட்டுவார்கள், ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து ரோடு போகும். அவர்களிடம் நீங்களே பேசிப் பாருங்கள். உங்கள் வீடு தாழ்வானது என்பதால், அந்தத் தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்திவிடுங்கள், பிளம்பரிடம் நான்-ரிட்டர்ன் வால்வு என்றால் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யும்படி இருக்க வேண்டும். மொட்டைமாடி மழைத்தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விடாதீர்கள். தெருவே அப்படிச் செய்தால் மழையன்று குழாய் தாங்காது. இணைப்புக் கிடைத்ததும் பழைய செப்டிக் டேங்கைக் காலி செய்து மணல் போட்டு மூட வேண்டும். காலி செய்ய லாரியை மட்டும் கூப்பிடுங்கள், 14420 என்ற எண்ணில் கேட்கலாம். எவ்வளவு குறைந்த கூலிக்கு வந்தாலும் மனிதரை அதில் இறக்காதீர்கள். அது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

கான்கிரீட் ஊற்றும் நாளை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உங்கள் மாமனாருக்காகச் சொல்கிறேன். ஊற்றிய பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி 14 நாளாவது நனைக்க வேண்டும், அதில் வண்டி ஏற முடியாது. வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் குறைந்தது நான்கு முறை ஆட்டோவோ 108-ஓ உங்கள் வாசலுக்கு வராது. தெருவை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, உங்கள் வீடு இருக்கும் பக்கத்தில் ஒரு வழி திறந்திருக்கும்படி ஊற்றச் சொல்லுங்கள். டயாலிசிஸ் அட்டையின் நகலைக் காட்டினால் பெரும்பாலான பொறியாளர்கள் மறுக்க மாட்டார்கள். அதுவும் முடியாது என்றால் தெருமுனைவரை சக்கர நாற்காலி போக ஓரமாக இரண்டடிப் பலகைப் பாதை கேளுங்கள். தெருமுனையில் எந்த வீட்டு வாசலில் வண்டி நிற்கும் என்பதை ஆட்டோக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

தையல் கடைக்கு நட்டஈடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். இதுபோன்ற உள்தெரு வேலைகளில் வியாபார நஷ்டத்துக்குப் பணம் கிடைத்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அதைத் தேடி அலையும் நேரத்தைத் தெரு மட்டத்துக்குச் செலவிடுங்கள் என்பேன். தெருமுனையில் உள்ள மளிகைக் கடையில் துணி வாங்கி வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

ரோடு உயர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இப்போதே வாசலில் சிமெண்ட் மேடு கட்டிவிடாதீர்கள். தெருப் பக்கம் நீட்டினால் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள், வாய்க்காலையும் அடைக்கும். மட்டம் சரியாக முடிவானால் அது தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமை டியூப் வைத்து அளந்துவிட்டு மூன்று எண்களை எனக்கு எழுதுங்கள்: உங்கள் தரை மட்டத்திலிருந்து தெருவின் நடு எவ்வளவு கீழே, ஓர வாய்க்காலின் மேல்விளிம்பு எவ்வளவு கீழே, மேன்ஹோல் மூடி எவ்வளவு கீழே. வரைபடத்தில் பொறியாளர் காட்டும் மட்டத்தையும் நான்காவதாகக் குறித்து அனுப்பினால், எத்தனை செ.மீ. வெட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன்.